அடி போன சான்றிதழ்

ஒரு மனிதன் தன் வீட்டில்தான் குடியிருக்கிறான் என்று அரசாங்கம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்வரை அவன் அங்கே குடியிருப்பதில்லை. என் அக்கா கரோலின் ஹைதராபாத் லோத்குண்டாவில் அதே வீட்டில் இருபத்துநாலு வருஷமாகச் சாப்பிட்டுத் தூங்கி என்னோடு சண்டை போட்டிருந்தாலும், 2005-இல் அவளிடம் அந்தத் தாள் இல்லை. பேகம்பேட்டில் அவள் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனி அதை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டது. கொடுத்தால் அமெரிக்கா. கொடுக்காவிட்டால் அவளுக்குப் பதில் அனுபமா போவாள். அனுபமா ஏற்கெனவே ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள்.

சான்றிதழ் தரும் அலுவலகம் திருமுல்கேரி பக்கம். பெயர் சொல்ல மாட்டேன், எங்கள் ரேஷன் கார்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அங்கே பிரிண்டரில் வரும் ஒவ்வொரு தாளிலும் கடைசி இரண்டு விரற்கடை அச்சாவதில்லை. 'உமாசங்கர், சான்றளிக்கும் அதிகாரி' என்ற வரி சரியாக அந்த இடத்தில்தான் வரவேண்டும். அச்சிட்ட பெயருக்கு மேலேதான் கையெழுத்து, பெயரில்லாத இடத்தில் போட்டால் அது கிறுக்கல் என்பது உமாசங்கர் சாரின் நிலைப்பாடு. ஆகவே ஐந்து வாரமாக அந்த வட்டாரத்தில் ஒருவரும் எங்கும் குடியிருக்கவில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு வாஸ்து நிபுணர் வரவழைக்கப்பட்டார். பிரிண்டரின் வாய் தென்மேற்கைப் பார்ப்பதால் அடிப்பாகம் தங்காது என்றார். உடனே பிரிண்டர் ஈசானிய மூலைக்குப் போனது. அங்கே பிளக் பாயின்ட் இல்லாததால் வயரை அறையின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டி, 'பொதுமக்கள் தாண்டிச் செல்லவும்' என்று பலகை வைத்தார்கள். பொதுமக்கள் தாண்டினார்கள். அடி வரவில்லை.

பிறகு சுற்றறிக்கை வந்தது. அதிகாரியின் பெயரை டைப் அடித்த துண்டுச்சீட்டு ஒன்றைச் சான்றிதழின் அடியில் ஒட்டி, ஒட்டின் மேல் பாதி முத்திரை விழும்படி குத்தவேண்டும். ஒட்டு இல்லாத சான்றிதழ் போலியாகக் கருதப்படும். உலரும் காலம் ஏழு வேலை நாட்கள்.

நாங்கள் போனது வியாழக்கிழமை.

"ஏழு நாளா? கைக்கு பாய், எதுக்கு?" என்றேன்.

கிளார்க் முகமது யூசுப் வாணியம்பாடிக்காரர். "கோந்து காயணும்ல மியான்."

"கோந்து பத்து நிமிஷத்துல காஞ்சிடும்."

"கோந்து காஞ்சிடும். ஃபைல் காய வேணாமா?"

அக்கா கர்ச்சீப்பை எடுத்துவிட்டாள். அனுபமாவின் ஸ்வெட்டர் என்ன நிறம் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பாய்க்கு மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரை ஒரு நிமிஷம் பார்க்கட்டுமா என்றேன். "நக்கோ, நக்கோ" என்று மறுத்துக்கொண்டே எழுந்து நாற்காலியைத் தந்தார்.

காகித அளவு 'லெட்டர்' என்று இருந்தது. அது அமெரிக்கக் காகிதம், நம்ம ஏ4-ஐ விடக் குட்டை. கம்ப்யூட்டர் பாவம், கீழே தாளே இல்லையென்று நினைத்து மரியாதையாக நிறுத்திக்கொண்டிருந்தது. ஏ4 என்று மாற்றினேன். அக்காவின் சான்றிதழ் தலை முதல் கால் வரை முழுசாக வந்து விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள்.

உமாசங்கர் சார் சித்தூர்க்காரர், தமிழை ரேடியோ செய்திபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். அடியை நகத்தால் சுரண்டினார்.

"இதில் ஒட்டு எங்கே?"

"ஒட்டு வேணாம் சார். முழுசா வந்திருக்கு."

"நம் அலுவலகத்தில் முழுசாக எதுவும் வராதே தம்பி."

ஒட்டு இல்லாதது போலி என்று அவரே பதினான்கு அலுவலகங்களுக்கு எழுதியிருக்கிறாராம். இப்போது அவரே போலியில் கையெழுத்துப் போடுவதா? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"சார், அந்த அடியை வெட்டி, திரும்ப அதே இடத்துல ஒட்டிட்டா?"

சும்மாவா அவளை சாஃப்ட்வேர் எஞ்சினியர் என்கிறார்கள்.

உமாசங்கர் சார் கண்ணை மூடி யோசித்தார். வேறு காகிதம் என்றால் ஏழு நாள். இது அதே உடம்பின் சொந்த அடி, ஆகையால் உலரும் காலம் பொருந்தாது என்று ஃபைலில் எழுதினார். பாய் ஸ்கேல் வைத்து வெட்டினார், ஒட்டினார், குத்தினார். நான் வெளியே வருமுன் கம்ப்யூட்டரைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டுப் போகும்படி எனக்கு வாய்மொழி உத்தரவு ஆனது. மாற்றினேன்.

அக்கா அமெரிக்கா போனாள். ஒரு மாதம் கழித்து ஃபோனில் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஹைதராபாதில் எழுதி அனுப்பிய சாஃப்ட்வேரில் அந்த ஊர்க் கம்பெனியின் பில்லெல்லாம் அடி வெட்டுப்பட்டு வருகிறதாம். அதைச் சரிசெய்ய எட்டுப் பேர் போயிருக்கிறார்கள்.

"அக்கா, நம்ம ஆளுங்க ஏ4-னு வெச்சிருப்பாங்க. லெட்டர்னு மாத்து, முடிஞ்சுது."

"தெரியும்டா. முத நாளே தெரியும். எட்டுப் பேருக்கும் தெரியும். மாத்திட்டா மறுநாளே ஊருக்கு அனுப்பிடுவாங்க. வாயை மூடிட்டு இரு, உனக்கு ஐபாட் வரும்."

மூடிக்கொண்டேன். ஆனால் ஸ்பீக்கரில் அப்பா கேட்டுவிட்டார். எங்கள் அப்பா ஆர்தர், சபையில் மூப்பர், பொய்யே பேசமாட்டார். அன்று குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டார். பிறகு உருக்கமாக, "கர்த்தாவே, அந்த அமெரிக்கப் பிரிண்டரை இப்போது இருக்கிறபடியே காத்தருளும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதையே சபையிலும் விண்ணப்பமாக வைத்தார். பதினொரு வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஆமென் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.