கெயின் திருகுக்கு முழு ஒதுக்கீடு

ஒதுக்கியதில் ஒரு துளியும் மிச்சம் வைக்காத உத்தமர் இந்தத் திருநாட்டில் ஒருவர் உண்டென்றால், அவர் மதுராந்தகம் தாமோதரன்தான். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காத ஒதுக்கீட்டை மறுவருடம் வெட்டிவிடுவார்கள் என்பதால், இரண்டே ஜன்னல் உள்ள அறைக்கு ஒன்பது திரைச்சீலை வாங்கியவர். மிஞ்சிய ஏழில் ஒன்று இன்றும் அவர் நாற்காலியைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவர் மனைவி பூங்கொடி பாடிய நடவுப் பாட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு உள்ளூர் வானொலியில் வரவிருந்தது. ஒரே ஒரு தடவைதான். மறு ஒலிபரப்பும் கிடையாது, பிரதியும் தருவதில்லை என்று நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். பதிவான தன் குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"செல்லுலயே கேட்டுக்கலாங்க."

"செல்லுலயா? என் பொண்டாட்டி பாடறத கொசு கத்தற மாதிரி கேக்கறதா? என் மரியாத இன்னா ஆவறது?"

இவ்வாறாக, மனைவியின் பாட்டு கணவரின் மரியாதை என்ற செலவுத் தலைப்புக்கு 'முறைப்படி' மாற்றப்பட்டது. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் நிறைந்த தெருவில் மைத்துனன் காசிநாதன் வீடு. அங்கே காரை நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வைத்து, கல் அறுக்கும் மெஷினையும் மீறித் தெருவே கேட்கச் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர் தாமோதரன் ஒருவரே.

செங்கல்பட்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கும் ஹெலன், டிக்கியில், 'பேஸ்' என்னும் தடித்த சத்தத்தை அதிரவிடும் சப்வூஃபர் ஸ்பீக்கரையும், அதற்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்பையும் பொருத்தினாள். ஆம்ப்பில் 'கெயின்' என்று ஒரு சின்னத் திருகு. அதை முதலில் அடியோடு குறைத்தாள். கார் ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, "ம்ம்ம்" என்று ஒரே சீராக முனகும் ஒலியை ஓடவிட்டாள். மீட்டரைப் பார்த்தபடி திருகை மெல்ல ஏற்றினாள். முள் கணக்குக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

தாமோதரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா இது, பாதி கூட போவல?"

"இது வால்யூம் இல்ல சார். ரேடியோ எவ்ளோ குடுக்குதோ, அதுக்கேத்தாப்ல ஆம்ப்ப வாங்கிக்க சொல்றது. உங்க ரேடியோவுக்கு இவ்ளோதான்."

"அப்ப மீதி?"

"மீதி வேற ரேடியோவுக்கு சார். ஏத்துனா சத்தம் பிசிறடிக்கும், ஸ்பீக்கர் உள்ள காயில் கருகிடும்." திருகின்மேல் ஒயிட்னரால் ஒரு கோடு போட்டாள். "இத மட்டும் தாண்டாதீங்க."

தாமோதரன் காதில் 'மீதி' என்ற சொல் மட்டுமே விழுந்தது. முப்பது வருடச் சேவையில் அவர் மீதி வைத்ததில்லை. ஞாயிறு காலை வண்டி எடுக்குமுன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருகைக் கடைசிவரை திருப்பி ஒதுக்கீட்டை முழுதாகச் செலவழித்தார். அன்று அவர் மனம் நிறைந்திருந்தது.

பத்து மணி. காரின் நாலு கதவும் திறந்திருந்தன. பூங்கொடி முன்சீட்டில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளர் அவள் பெயரைச் சொன்னதும் தாமோதரன் சத்தத்தை முழுக்க ஏற்றினார்.

பாட்டுக்குப் பம்பை அடித்திருந்தார்கள். அந்தப் பம்பை மட்டும் கேட்டது. கேட்டது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. "தம்... கர்ர்... தம்" என்று காரே இருமியது. அந்த இருமலுக்குள் எங்கேயோ பூங்கொடி பாடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கொறைங்களேன். என் கொரலே கேக்கல."

"இரு, வரும். தெரு மொத்தமும் பாத்துகினு கீது."

"மாமா," காசிநாதன் பின்னாலிருந்து கத்தினான், "டிக்கில பொகை வருது!"

"பேஸுன்னா அப்டித்தாண்டா."

அடுத்து வந்தது கருகல் நாற்றம். எல்லோரும் இறங்கினார்கள். தாமோதரன் உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்ப, எல்லாம் அடங்கிப்போனது.

அப்போதுதான் கவனித்தார். எதிர்ச் சிற்பக்கூடத்தில் கல் அறுக்கும் மெஷின் நின்றிருந்தது. உளிச் சத்தமும் இல்லை. பாதி செதுக்கிய நந்தியின் முதுகில் கிடந்த ஒரு பழைய செல்லிலிருந்து, கொசு கத்துகிற மாதிரி இல்லாமல், தெள்ளத் தெளிவாகப் பூங்கொடி பாடினாள். இரண்டு வரி. பாட்டு முடிந்தது. சிற்பிகளில் ஒருவர் "யாருப்பா இந்தம்மா?" என்று கேட்டுவிட்டு மெஷினைப் போட்டார்.

தாமோதரனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கும் அரசு நடைமுறைப்படி, உடனே அடுத்தவருக்கு விளக்கம் கேட்டு ஃபோன் போட்டார்.

"சார், கோட்ட தாண்டினீங்களா?" என்றாள் ஹெலன்.

"தாண்டலம்மா... வண்டி குலுக்கல்ல அதுவா கொஞ்சம்..."

பூங்கொடி ஃபோனை வாங்கிக்கொண்டாள். அவள் குரல் உயரவே இல்லை.

"தாண்டினாரும்மா. எதையும் மிச்சம் வெக்காத மனுசரு. எம் பாட்டுல எனக்குக் கெடச்ச அந்த ரெண்டு வரி கூட, கல்லு வேல செய்றவங்க மெஷின நிறுத்தி வெச்ச மிச்சந்தான்."