கதவில் ஒட்டிய பத்துச் சீட்டு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கே உங்கள் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள், அதனால் கேட்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் தீராத குடல் புண்ணுக்குப் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். அதற்கு நோயாளிகளைத் தேடிச் சேர்ப்பது என் வேலை. பன்னிரண்டு பேர் வேண்டும். மூன்று மாதமாகியும் ஒருத்தரும் சேரவில்லை; இந்த மாதத்தோடு கடையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். முதலில் நோட்டீஸை வராந்தாவில் ஒட்டினேன். இந்த நோய்க்காரன் எவன் நின்று நோட்டீஸ் படிப்பான்? சரி என்று ஆண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அடியில் போன் நம்பரோடு, கிழித்துக்கொள்ளப் பத்துச் சீட்டு. ஒரே வாரத்தில் பத்தும் காலி. பெரிய டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். போன் வந்தது ஒன்றே ஒன்று, துப்புரவு மேஸ்திரியிடமிருந்து: "யாருய்யா கதவுல பசை தடவினது?" அப்புறம் டாக்டரே ஒரு பஸ் டிரைவரை அனுப்பினார். தினம் ஆறு தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகிறவரைத்தான் சேர்க்கலாம். எத்தனை தடவை என்று கேட்டேன். பக்கத்தில் மனைவி. "ரெண்டுங்க, எல்லாரையும் போலத்தான்." கம்ப்யூட்டரில் ரெண்டு என்று போட்டேன், தகுதியில்லை என்றது. அந்தம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் என் காதருகே வந்து "பதினொண்ணு சார்" என்கிறார். கம்ப்யூட்டர் ஒரு தடவை மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

இப்போ உங்க விஷயத்துக்கு வரேன் அத்தான். நாலு வருஷமா "சும்மா வாயு"ன்னு அக்காவை ஏமாத்திட்டு இருக்கீங்க. என் கல்யாண போட்டோ ஒண்ணுலயும் நீங்க இல்லை; கேட்டா போன் பேசப் போனேன்னீங்க. போன வாரம் உங்க துணியில ரத்தத்தைப் பார்த்துட்டு அக்கா அழுதா. காது வலிச்சா ஊரைக் கூட்டுறோம், இதுல மட்டும் என்ன வெட்கம்? தைரியமா வாயைத் திறந்து சொல்லணும். செவ்வாய்க்கிழமை காலையில வந்து சேருங்க. எண்ணிக்கையைக் குறைச்சு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு பயமா இருக்கு.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. வழிநெடுக உங்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறைகளாக அமைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டேன். ஊழியரின் சொந்தக்காரர் சேரலாம், ஊழியர்தான் சேரக் கூடாதாம். அந்தப் பத்துச் சீட்டும் நான் கிழித்ததுதான். தினம் அத்தனை நேரம் அங்கே உட்கார்ந்து வேறென்ன செய்வது? மேலே 'நான் நலம்' என்று எழுதியது வழக்கத்துக்காக. அக்காவிடம் மூச்சு விடாதீர்கள். கேட்டால் வாயு என்று சொல்லிவிடுங்கள்.