குடிலுக்கு நான் வளர்த்த புல்

விதை முளைக்குமா, முளைக்காதா என்று சொல்வது என் வேலை. கடைக்காரர்களும் விவசாயிகளும் அனுப்புகிற நெல், கம்பு, உளுந்து எல்லாவற்றையும் முளைக்கப் போட்டுப் பார்த்து, தேறும் அல்லது தேறாது என்று கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மூட்டை மூட்டையாக விதை விற்கிறது. ஆனால் கோச்சடையில் எங்கள் தெருவுக்குப் போய், 'விதை ஆபீசர் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் வழி சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்கான காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இதைவிடக் கேவலமாக இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று முறை தேர்வு எழுதி, மூன்றாவது முறை தேறி, டிசம்பர் முதல் வாரத்தில் பணி நியமன ஆணை வீட்டுக்கு வந்தது. ஜனவரியில் வேலையில் சேர வேண்டும். அப்பா அன்றைக்கே அந்த ஆணையை லேமினேட் செய்து, டீக்கடை டீக்கடையாக எடுத்துக்கொண்டு அலைந்தார். (ஒரிஜினலை யாராவது லேமினேட் செய்வார்களா என்று பிறகு அலுவலகத்தில் எனக்கு விழுந்த திட்டு தனிக் கதை.) எங்கள் குடும்பத்தில் இதுவரை நிலம் சம்பந்தப்பட்ட வேலை என்றால் அடுத்தவர் வயலில் நாற்று நடுவதுதான். அதனால் அப்பாவின் அலைச்சலில் ஒரு நியாயம் இருந்தது. என் அலட்டலில்தான் எந்த நியாயமும் இல்லை.

அலட்டலுக்கு எண்ணெய் ஊற்றியவர் சவரிமுத்து அண்ணன். எங்கள் அன்பியத்தின் தலைவர். அன்பியம் என்பது எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாமாதம் கூடிச் செபிக்கும் குழு. (செபம் பதினைந்து நிமிடம், டீயும் புறணியும் ஒன்றரை மணி நேரம்.) அவர் தெருமுனையில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ஹால் டிக்கெட்டில் இருந்த என் போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார். தேர்வு எழுதப் போகிற பீதியில் இரண்டு கண்களும் பிதுங்கிக்கொண்டிருந்தன. கீழே, 'மண்ணின் மகளே! விதையின் விடியலே!' என்று எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அப்போது அதைப் பார்ப்பதற்காகவே தினமும் நான்கு முறை பால் பாக்கெட் வாங்கப் போனேன்.

வீட்டுக்குள் மட்டும் விடியல் எடுபடவில்லை. அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

"ஆபீசரம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் தொடைக்கிறீகளா? அப்படியே பரண்ல ஏறி ஸ்டாரை எடுத்துப் போடுங்க" என்றாள்.

ஃபேனைத் துடைத்தேன். நட்சத்திரத்தை மாடியில் கட்டினேன். முறுக்கு மாவு பிசைந்தேன். அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட ஓர் அலுவலரை இப்படி நடத்தலாமா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தேன்.

இந்த நிலையில்தான் அன்பியக் கூட்டத்தில் கிறிஸ்துமஸ் குடில் பேச்சு வந்தது. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், ஒவ்வொரு அன்பியமும் தனித்தனியாகக் குடில் கட்டும். அதற்குப் போட்டி உண்டு. நாங்கள் வருடம் தவறாமல் இரண்டாம் பரிசு வாங்குகிறவர்கள். முதல் பரிசு எப்போதும் எதிர்த்தெருவுக்கு. இந்த வருடம் அதைப் பறித்தே தீருவது என்று சவரிமுத்து அண்ணன் வைராக்கியமாக இருந்தார். எங்கள் குடிலின் பலமே புல்தான். கிறிஸ்துமஸுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் தட்டுகளில் மண் பரப்பிக் கேப்பையை, அதாவது கேழ்வரகை, தூவினால், பண்டிகைக்குச் சரியாக விரல் உயரம் பச்சைப் பசேலென்று வந்து நிற்கும். அதை இருபது வருடமாக வளர்த்துக் கொடுப்பவள் அம்மா. 'ஞானம் அக்கா வீட்டுப் புல்லு' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

"என்ன ஞானம் அக்கா, இந்த வருசமும் புல்லு உங்க பொறுப்புதான?" என்று அண்ணன் கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"அம்மா போடுறது சும்மா குருட்டாம்போக்கு அண்ணே. இந்த வருசம் நான் போடுறேன். சயின்டிஃபிக்கா."

கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "சரி, அவளே போடட்டும்" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு மிடறை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் சமையலறையைச் சோதனைக்கூடம் ஆக்கினேன். அங்கே இரண்டு இடத்தில் கேப்பை இருந்தது. ஒன்று மஞ்சப்பையில், மற்றது எவர்சில்வர் டப்பாவில். இரண்டிலும் ஒரு பிடி எடுத்து வெள்ளைத்தாளில் பரப்பி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆராய்ந்தேன். மஞ்சப்பைக் கேப்பையில் தூசி, உமி, கல், ஊர்பேர் தெரியாத களைவிதை எல்லாம் கிடந்தன. டப்பாவில் இருந்ததோ மணி மணியாக, ஒரே சீராக, ஒரு தூசி இல்லாமல், நல்ல கருஞ்சிவப்பில் இருந்தது. லேசாக ஒரு வாசம் வேறு வந்தது. தரமான விதை என்றால் வாசமும் அடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (நான்கு வருடம் வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள் நான். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் மானம் உண்டு.)

மஞ்சப்பையை நிராகரித்தேன். அதிலிருந்ததை ஜன்னல் வழியே பின்பக்கம் துவைக்கிற கல் ஓரமாக வீசிக் கொட்டினேன். டப்பாக் கேப்பையைப் பன்னிரண்டு தட்டுகளில் வரிசை பிடித்து விதைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் எண், தேதி, கையெழுத்து. எல்லாவற்றையும் உள்ளறையில் வைத்து ஈரத் துணியால் மூடி, மேலே ஒரு காகிதம் ஒட்டினேன்: 'அனுமதியின்றித் தொடக் கூடாது.'

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை மைக்கில் அறிவித்தார். "இந்த வருடம் ஒரு அன்பியத்தின் குடிலுக்கு அரசாங்க விதை அலுவலரே புல் வளர்க்கிறார். மற்றவர்கள் ஜாக்கிரதை!" எதிர்த்தெருக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பணிவாக இருப்பதுபோல் நடித்தேன்.

மூன்றாம் நாள் துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான்காம் நாள், ஐந்தாம் நாளும் இல்லை. குளிர் அதிகம் என்று குண்டு பல்பு கட்டினேன். குழாய்த் தண்ணீரில்தான் கோளாறு என்று கேன் தண்ணீர் ஊற்றினேன். மண் சரியில்லை என்று மண்ணைத் திட்டினேன். விதையைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அதைத் தேர்ந்தெடுத்தவள் நான் அல்லவா?

பதினெட்டாம் தேதி திண்டுக்கல்லிலிருந்து அக்கா மரியா ஏழு மாதக் கைக்குழந்தையுடன் வந்தாள். வந்ததும் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அடுக்களைக்குப் போனவள், "ஏம்மா, நீ ரெடி பண்ணி வச்சிருக்கேன்னு சொன்னியே, எங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. அம்மா ஏதோ டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது. பிறகு அம்மா உள்ளறை வாசலில் வந்து நின்று, பல்பு வெளிச்சத்தில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அம்மா துணி துவைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பண்டிகைத் துணி நிறைய இருக்கும் என்று நினைத்தேன். ஆபீசர் என்பதால் அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் நான்கு மணிக்குச் சவரிமுத்து அண்ணன் ஒரு தள்ளுவண்டியோடு புல் எடுக்க வந்துவிட்டார். கூடவே எங்கள் அன்பியத்து ரோசம்மாள் அக்காவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் வந்திருந்தார்கள். 'நாளைக்கு வாங்களேன்' என்று இழுத்துப் பார்த்தேன். அண்ணன் காகிதத்தைக் கிழித்து, துணியை உருவினார்.

பன்னிரண்டு தட்டிலும் ஒரு பச்சை இல்லை. வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூசணம் பூத்திருந்தது. வாடையும் அடித்தது.

"என்னத்தா இது?" என்றார் அண்ணன்.

"இது வந்து... டார்மன்சி அண்ணே. விதை உறக்கத்துல இருக்கு."

"கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் எந்திரிக்குமாக்கும்?"

ரோசம்மாள் அக்கா குனிந்தார். தட்டின் ஓரத்தில் மண்ணில் படாமல் சிதறிக் கிடந்த நாலு மணியை எடுத்து, ஊதி, வாயில் போட்டு மென்றார். முகம் மாறியது.

"அடி பாவி மகளே, இது வறுத்த கேப்பைடி!"

உள்ளேயிருந்து அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அப்ப எம்புள்ள கஞ்சிக்குக் கழுவிக் கல்லு பொறுக்கி வறுத்து வச்சதை இவதான் நட்டு வச்சிருக்காளா?"

அதன்பிறகு எழுந்த சிரிப்பு கோரிப்பாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். குழந்தைகூடக் கைதட்டிச் சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. தட்டில் இருந்த மண் அதற்குப் போதாது.

சவரிமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தள்ளுவண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஃபாதர் வேற மைக்ல சொல்லிட்டாரே. நாளைக்குச் சாயங்காலம் நடுவருங்க பாக்க வாராக. வெறும் மண்ணுலயா இயேசு பாலனை வைக்கிறது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என் மானம் மட்டும் இல்லை. இருபது குடும்பம் ஒரு மாதமாகக் காகித மலையும் மூங்கில் கூரையும் செய்துகொண்டிருந்தது. எல்லாருடைய உழைப்பையும் நான் வறுத்துவிட்டேன்.

"எல்லாரும் கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றாள் அம்மா.

போனோம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, நான் குப்பை என்று வீசிய மஞ்சப்பைக் கேப்பை மொத்தமும் முளைத்து, அடர்ந்து, விரல் உயரத்துக்கு மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தது. கோழி கிளறாமல் இருக்க மேலே பழைய கொசுவலை கட்டியிருந்தது.

"ஏம்மா, தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தியா?" என்றேன்.

"தட்டைத் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தியே. ஆபீசர் உத்தரவை மீற முடியுமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு குனிந்து கொசுவலையை அவிழ்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இருபது வருசமா நான் போட்டது குருட்டாம்போக்குன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னேல்ல? அதான் கம்முன்னு இருந்தேன்" என்றாள்.

அந்தச் சிரிப்பையெல்லாம்விட இதுதான் வலித்தது. நான் தோசைத்திருப்பியை எடுத்து வந்து, புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்துத் தட்டுகளில் வைத்தேன். எல்லாவற்றிலும் துணி சோப்பு வாசம் கும்மென்று அடித்தது. ஒரு பாளத்தில் அப்பாவின் சட்டைப் பட்டன்கூட இருந்தது.

"மாட்டுக் கொட்டத்துல பொறந்தவரு. சோப்பு வாசத்தையெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாரு" என்று ரோசம்மாள் அக்கா ஆறுதல் சொன்னார்.

வண்டி கிளம்பும்போது தூறல் போட ஆரம்பித்தது. குடிலின் மூங்கில் கூரை ஒழுகும் என்று அண்ணன் நேராகத் தெருமுனைக்குப் போய் என் ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்தார். "கோவிச்சுக்காத தாயி. எதுக்காச்சும் உதவட்டும்" என்றார். கோபப்படும் நிலையிலா நான் இருந்தேன்? கூரை மேல் அதை விரித்து, அதற்குமேல் வைக்கோலைப் பரப்பினார்கள்.

நடுவர்கள் வந்து பார்த்தார்கள். எங்களுக்கு இரண்டாம் பரிசுதான். எதிர்த்தெருக்காரர்கள் உயிருள்ள கன்றுக்குட்டியையே கொண்டு வந்து கட்டிவிட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் பங்குத்தந்தை, புல் மட்டும் பிரமாதம் என்று சொல்லி, என்னை முன்னால் கூப்பிட்டு, "எந்த முறையில் வளர்த்தீர்கள்? எல்லாருக்கும் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார். எங்கள் அன்பியம் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"நான் போட்டது முளைக்கல ஃபாதர். அது வறுத்த கேப்பை. இது நான் வேணாம்னு தூக்கி எறிஞ்சது. அம்மா வளர்த்தாங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். கோயிலே அதிர்ந்தது. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. அக்கா மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு நான் 'என் கஞ்சியை நட்ட சித்தி'. என் கல்யாணத்துக்கு அன்பியத்தார் கொடுத்த எவர்சில்வர் டப்பாவில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. புல் போடும் வேலை அம்மாவிடமே திரும்பிவிட்டது. எனக்குத் தட்டு கழுவ மட்டும் அனுமதி.

ஃப்ளெக்ஸ் இன்னும் கிழியவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் அதைப் பரணிலிருந்து இறக்கி, குடிலின் கூரைக்கு விரிக்கிறார்கள். என் முகம் உள்பக்கம் இருக்கும்படிதான் விரிப்பார்கள். வெளியே நிற்பவர்களுக்கு வைக்கோல்தான் தெரியும். கீழே புல்லில் மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை இயேசு மட்டும் அண்ணாந்து, கண் பிதுங்கிய விதையின் விடியலைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். கை இரண்டையும் விரித்துக்கொண்டு சிரிக்கிறார். சுரூபத்தை வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா ஒப்புக்கொள்வதாக இல்லை.

"இல்லடி. அந்த வருசத்துக்கு முன்னாடி இம்புட்டுச் சிரிக்க மாட்டாரு" என்கிறாள்.