இரண்டாவது நிர்வாகி

"திருடன்! டேட்டாபேஸுக்குள்ள திருடன் புகுந்துட்டான்!"

ஆஸ்பத்திரியின் தகவல் அதிகாரி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்து, "எதைத் தூக்கிட்டுப் போனான் சார்?" என்றாள்.

"உனக்குச் சொன்னா புரியாது. போம்மா, வேலையைப் பாரு."

இவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் 'பூட்டு'. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸுக்கு இவர்தான் காவல். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவார். புதியதை வாங்க மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு தடவை மூன்றையும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தபோது, "நீல மையா? கறுப்புல வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிய மகானுபாவர்.

இன்று பதினோரு மணிக்குப் புது இயக்குநர் வருகிறார். இவரைத் துறைத் தலைவர் ஆக்குவதா வேண்டாமா என்று இன்றைக்குத்தான் முடிவு. ஆறு வருஷமாக அந்தப் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்தா திரையில் 'நிர்வாகி' என்ற பெயர் இரண்டு தடவை தெரிய வேண்டும்? ஒன்று இவர். இன்னொன்று யார்?

இரண்டாவது ஆளின் இணைப்பைத் துண்டித்தார். ஒரே நிமிஷத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டான்.

"திமிரைப் பாரேன்!"

எவனோ உள்ளாள்தான் உளவு சொல்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தகத்தின் அனுமதியைப் பறித்தார். அப்புறம் ஆய்வகம். அப்புறம் வார்டுகள், வரவேற்பு. ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"அந்தப் பயம் இருக்கணும்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

திருடன் மட்டும் அசையவில்லை. மணி பத்தேமுக்கால். கடைசியில் 'நிர்வாகி' கணக்கையே ஒரேயடியாக முடக்கினார். திருடன் ஒழிந்தான். கூடவே இவரும். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

மறுபடி திறக்க இன்னொரு நிர்வாகி வேண்டும். இன்னொருத்தர் வந்தால் தன் மவுசு போய்விடும் என்று இவர் யாரையும் வைக்க விட்டதில்லை.

துடைப்பம் மறுபடி எட்டிப் பார்த்தது. "சார், உங்க பழைய ரூம் கம்ப்யூட்டரை அணைக்கவே கூடாதுன்னு சொன்னீங்களே, அது இப்ப 'கொய்ங் கொய்ங்'னு கத்துது. 'நிர்வாகிக்கு அனுமதி இல்லை'ன்னு வருது. அணைச்சிடவா?"

அந்தப் பழைய கம்ப்யூட்டர் தன் பெயரிலேயே தானாக உள்ளே நுழைந்துகொண்டிருந்தது பூட்டுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து தன்னைத்தானே துரத்தியிருக்கிறார்!

ஐயையோ, ஆஸ்பத்திரியே ஸ்தம்பித்திருக்குமே! விழுந்தடித்துக்கொண்டு வரவேற்புக்கு ஓடினார். அங்கே புது இயக்குநர் நின்றிருந்தார். நோயாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஒரு சின்னச் சிக்கல். டேட்டாபேஸ் காலையிலேர்ந்து மூடிக்கிடக்கு. பாவம், எல்லாரும் தவிச்சுப் போயிருப்பாங்க."

இயக்குநர் வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். "அப்படியாம்மா? ரொம்பச் சிரமமா?"

அவள் தடித்த நோட்டுப் புத்தகத்தில் அடுத்த நோயாளியின் பெயரை நீல மையில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்களுக்கு என்ன சிரமம் மேடம்? மூணு வருஷமா அதுக்குள்ள போறது சார் ஒருத்தர்தானே!"