ஆர்கன் பாட்டுக்கு என் ஒரு விரல்

அன்பு மிக்க அக்காவுக்கு,

எழுத்துகள் மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னிக்கவும். இப்போதுதான் எழுதக் கற்றிருக்கிறேன், ஒரு வரி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. நீங்களும் அத்தானும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இசைப்பள்ளியில் நிரந்தர வேலைக்கு மருமகளைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். வாசிக்கச் சொன்னது ஆர்கன் பாட்டு, ஆனால் பள்ளியின் ஆர்கன் பழுது, அதனால் அதையே பியானோவுக்கு மாற்றி எழுதிய தாளைக் கொடுத்தார்கள். ஆர்கனில் அடித்தொனிக்கு ஒரு கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தால் அது நின்று முழங்குமாம். பியானோவில் அடித்த ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், அவளுக்கோ இரண்டு கையிலும் வேலை. "மூணாவது கைக்கு நான் இருக்கேனே" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி மாமா, இந்த ஓரக் கட்டை மட்டும். நான் தலையாட்டும்போது அடிங்க."

அவள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள். பாட்டு இனித்தால் ஆட்டுவாள், தவறினால் ஆட்டுவாள், நெற்றியில் முடி விழுந்தாலும் ஆட்டுவாள். எது எனக்கு என்று தெரியாததால் வீட்டில் பழகியபோது எல்லாவற்றுக்கும் அடித்தேன். மகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

தேர்வன்றும் ஓர் ஆட்டலையும் விடவில்லை. நான் அடிக்க அடிக்க மேடைப் பலகை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. முடிந்ததும் தேர்வாளர்களில் மூத்தவர், "அசல் ஆர்கன் மாதிரியே இருந்துச்சு, முக்கியமா அந்த அடித்தொனி" என்றார். நான் எழுந்து வணங்கினேன். வேலை உறுதியாகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் சம்பாதிக்கிற விரல் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று அத்தானிடம் சொல்லவும்.

பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். அத்தானின் முழங்கால் அவர் சொன்னபடி கேட்கட்டும்.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: இதை மருமகளிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மேடையேறுவதற்கு முன் என் கட்டைக்குரிய கம்பிகளில் துணியைத் திணித்துவிட்டாளாம். அது சத்தமே போடவில்லையாம், முழங்கியதெல்லாம் அவளுடைய இடது கைதானாம். "அப்ப என்னை எதுக்கும்மா உக்கார வச்சே?" என்று கேட்டேன். "கீழ உக்காந்தா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட 'என் மருமக, என் மருமக'ன்னு பேசிக்கிட்டே இருப்பீங்க மாமா" என்றாள். நியாயம்தான். பள்ளி விழாவிலும் இதே பாட்டை வாசிக்கப்போகிறாளாம். அன்றைக்குத் துணி உண்டா இல்லையா என்று விசாரித்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.