மூக்கு ஒட்டின போட்டும் என் வாயும்

நேத்து ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மீன் வாங்கணும்.

சும்மா ஏதோ ஒரு மீன் இல்ல, வஞ்சிரம். மத்தியானம் நங்கநல்லூர்லேர்ந்து என் நாத்தனார் மாலதி சாப்பிட வரா. போன தடவை வந்தப்ப, நான் செஞ்ச வறுவலை ஒரு வாய் வெச்சுட்டு, "அண்ணி, இது ஐஸ் மீனா?"ன்னு ரொம்பப் பாசமா கேட்டா. கேட்டுட்டு ரசத்துக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு மாசம் என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் "ஐஸ் மீனா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்கு வந்த கோவத்துல அவரையும் உள்ள வெச்சு மூடியிருப்பேன். இடம் பத்தலை.

அதனால இந்தத் தடவை போன்லயே சவால் விட்டுட்டேன். "மாலு, இந்த வாட்டி போட்டுலேர்ந்து நேரா என் சட்டிக்கு வருது. நீ வந்து பாரு."

"பாக்கறேன் அண்ணி"ன்னா. அந்தக் குரலே சரியில்லை.

காலைல ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு அசோக் நகர்லேர்ந்து பெசன்ட் நகர் குப்பத்துக்குப் போனேன். மணல்ல ஏழெட்டு ஃபைபர் போட்டு ஏறி நின்னுச்சு. எல்லாத்துலயும் சங்கரா, காரப்பொடி, நெத்திலின்னு வேற மீனுங்கதான். வஞ்சிரம் மட்டும் இல்லை.

கன்னியம்மான்னு ஒரு அக்கா காலி அன்னக்கூடையோட உக்காந்திருந்தாங்க. விசாரிச்சேன்.

"எங்கூட்டுக்காரு போட்டுல வஞ்சிரம் மாட்டிக்கீதாம் மா, இப்பதான் போன் வந்துச்சு. அரை மணி நில்லு, வந்துடும்"னாங்க.

நின்னேன். வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா இந்தக் கதையே இல்லை.

பக்கத்துல ரெண்டு பேர் வலை பிரிச்சுக்கிட்டே சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஏகாம்பரம்னு ஒரு பெரியவர், செல்வம்னு ஒரு முப்பது வயசு ஆளு. விஷயம் என்னன்னா, போட்டுக்கு அழகு வேணுமா வேணாமா.

"போட்டுன்னா பாக்க ஒரு லட்சணம் வாணாமா நைனா? தண்ணில போனா நாலு பேரு திரும்பிப் பாக்கணும்"னான் செல்வம்.

"நாலு பேரு பாத்து இன்னா ஆவப்போது? மீனு இன்னா கலரு பாத்துக்கினா வலைல வுழுது? அலைல கவுறாம போவணும், அவ்ளோதான்"னார் ஏகாம்பரம்.

"அதுக்குன்னு அப்டியா? அத்தோ வருது பாரு, மூக்கு ஒட்டுன போட்டு. அத்த பாத்தா எனக்கு சோறு எறங்கல."

நானும் எட்டிப் பார்த்தேன். தூரத்துல ஒரு போட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. நிஜமாவே கண்ணராவி. பின்பக்கம் வெளுத்த நீலம். முன்பக்கம் வேற ஏதோ உடைஞ்ச போட்டோட மூக்கை வெட்டி ஒட்டியிருக்காங்க, அது பழுப்பு. ஒட்டின இடம் பூராவும் சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா பூச்சு. பழைய மூக்கோட போட்டு பேர்ல பாதியும் போயிடுச்சு போல, மீதி நாலு எழுத்து மட்டும் பாவமா நிக்குது.

செல்வம் என்னைப் பார்த்தான். "நீயே சொல்லு க்கா. அழகு வேணுமா வாணாமா?"

இங்க ஒண்ணு சொல்லணும். நாங்க பெயின்ட் கடை வெச்சிருக்கோம். பதினாலு வருஷமா கல்லாவுல நான்தான். கலரைப் பத்தி யார் கேட்டாலும், கேக்கலைன்னாலும், எனக்கு வாய் தானா திறந்துக்கும். கல்யாண வீட்டுல போய் பந்தலை விட்டுட்டு மண்டபத்துச் சுவரைக் குறை சொல்ற ஆளு நான்.

"கண்டிப்பா வேணும் தம்பி"ன்னு ஆரம்பிச்சேன். "இது என்ன போட்டா, துணி துவைக்கிற கல்லா? நீலத்துக்குப் பக்கத்துல யாராவது பழுப்பு வெப்பாங்களா? அந்தப் பூச்சு வேற, சொறி புடிச்ச மாதிரி. இதை ஓட்டறவருக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா? எங்கிட்ட வந்திருந்தா ஒரு மஞ்சள், ஓரத்துல ஒரு சிவப்பு..."

செல்வம் வாயைப் பொத்திக்கிட்டான். ஏகாம்பரம் வலைக்குள்ள முகத்தை வெச்சுக்கிட்டார். பின்னாடிலேர்ந்து ஒரு குரல் வந்துச்சு.

"எங்கூட்டுக்காருக்குக் கண்ணு நல்லாத்தான் மா தெரியும்."

கன்னியம்மா. அது அவங்க போட்டு. என் வஞ்சிரம் வர்ற போட்டு.

கண்ணு முன்னாடி மாலதி வந்து நின்னு, "அண்ணி, இன்னிக்கு ரசம் மட்டுமா?"ன்னு கேக்கறா. எப்படியாவது சமாளிக்கணும். நான் சமாளிக்கற விதம் எப்பவும் ஒண்ணுதான், ஓவரா பேசறது.

"ஐயோ அக்கா, அது உங்க போட்டா? வெயில்ல சரியா தெரியலைக்கா. இப்பப் பார்த்தா என்ன கம்பீரம்! ராணி மாதிரி வருது. இந்தக் கடல்லயே இவ்ளோ அழகான போட்டு இல்லை. என் கண்ணே பட்டுடும் போல இருக்கு."

கன்னியம்மா முகம் மலரும்னு நினைச்சேன். வெளிறிப் போச்சு. ஏகாம்பரம் வலையைக் கீழ போட்டார்.

"அய்யய்ய. இன்னா மா இப்டி பண்ணிட்ட"ன்னாங்க கன்னியம்மா.

அப்புறம்தான் விவரம் சொன்னாங்க. அந்தப் போட்டு ஒரு காலத்துல பளபளன்னு இருந்துச்சாம். மஞ்சளும் சிவப்பும். சாட்சாத் நான் சொன்ன அதே கலர். வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு நின்னு பார்த்து, போட்டோ எடுத்து, "சூப்பரா கீது, சூப்பரா கீது"ன்னாங்களாம். ஒரே மாசத்துல மோட்டர் எரிஞ்சு, வலை கிழிஞ்சு, பாறைல மோதி மூக்கும் போச்சாம். அப்பதான் அவங்க வீட்டுக்காரர் தேசிங்கு, "இனிமே இத்த எவனும் நல்லா கீதுன்னு சொல்லக் கூடாது"ன்னு முடிவு பண்ணி, வேணும்னே அப்படி விட்டாராம்.

"மூணு வருசம். ஒருத்தர் வாய்லேந்து நல்ல வார்த்த வாங்காம காப்பாத்தி வெச்சிருந்தோம் மா"ன்னாங்க. அழுதுடுவாங்க போல இருந்துச்சு.

"அக்கா, நான் மனசாரச் சொல்லலைக்கா. சும்மா மீனுக்காக..."

சொல்லி முடிக்கலை, செல்வம் கடலைக் காட்டினான். "யக்கா, போட்டு நின்னு போச்சி."

நின்னேதான் போச்சு. அலை உடையற இடத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம், பக்கவாட்டுல திரும்பி ஆடிக்கிட்டு நிக்குது. மூணு பேரும் போட்டைப் பார்க்கலை, என்னைப் பார்த்தாங்க. அந்த நிமிஷம் எனக்கு வஞ்சிரம் மறந்து போச்சு. உள்ள ரெண்டு ஆளு இருக்காங்களே, ஆண்டவா, என் வாயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

கன்னியம்மா மட்டும் நிதானமாயிட்டாங்க. "டேய் செல்வம், ஓடிப் போயி உப்பும் மொளகாயும் எத்துனு வா"ன்னாங்க. என் பக்கம் திரும்பினாங்க. "நீ கால தூக்கு."

"எதுக்குக்கா?"

"கண்ணு வெச்சவங்க காலடி மண்ணு வேணும். எடது காலு."

தூக்கினேன். கடற்கரைல, நல்ல சுடிதார்ல, ஒத்தக் கால்ல, பக்கத்துப் போட்டைப் புடிச்சுக்கிட்டு. அவங்க என் காலடி மண்ணை ஒரு கை அள்ளி, செல்வம் கொண்டு வந்த உப்பு மொளகாயோட சேர்த்து, போட்டைப் பார்த்து மூணு சுத்து சுத்தி, தண்ணில வீசினாங்க. போட்டு அசையலை.

"பத்தலடி"ன்னார் ஏகாம்பரம். "வாயால சொன்னத வாயாலதான் எடுக்கணும். மொதல்ல சொன்னுச்சே, அத்தயே திருப்பி சொல்லச் சொல்லு."

"சத்தமா சொல்லு"ன்னாங்க கன்னியம்மா.

தண்ணி ஓரத்துல போய் நின்னேன். "துவைக்கிற கல்லு"ன்னேன், பயந்துக்கிட்டே.

"கேக்கல."

"துவைக்கிற கல்லு மாதிரி இருக்கு! சொறி புடிச்ச போட்டு! ஒட்டுப்போட்ட மூக்கு! த்தூ!"

பின்னாடி ஷூ சத்தம். போன வாரம் எங்க கடைல மூணு பெட்ரூமுக்கு ஐவரி கலர் வாங்கின சார். வாக்கிங் வந்திருக்கார்.

"மேடம், எனி ப்ராப்ளம்?"

"ஒண்ணும் இல்ல சார். போட்டைத் திட்டிட்டு இருக்கேன்."

அவர் சரின்னு தலையாட்டிட்டு, வந்த வழியே கொஞ்சம் வேகமா திரும்பிப் போயிட்டார். பாக்கி ஹால் பெயின்ட்டுக்கு வேற கடை பார்ப்பார்னு நினைக்கிறேன்.

மோட்டர் சத்தம் கேட்டுச்சு. போட்டு திரும்பி, அலை மேல ஏறி, நேரா மணலுக்கு வந்துச்சு. தேசிங்கு குதிச்சு இறங்கினார். மோட்டர் விசிறில பிளாஸ்டிக் பை சுத்திக்கிச்சாம், அறுத்து எடுத்துட்டு வந்தாராம். கன்னியம்மா நம்பலை. உண்மையைச் சொன்னா நானும் முழுசா நம்பலை.

எல்லாத்தையும் கேட்டுட்டு தேசிங்கு விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குக் கூச்சமா போச்சு. "மன்னிச்சுக்கங்க அண்ணே, எங்க கடைல அரை டப்பா மஞ்சள் இருக்கு, சும்மாவே தரேன்"னேன்.

"மறுபடியும் மஞ்சளா? எங்க மேல உனக்கு இன்னா மா கோவம்?"ன்னார்.

நல்ல வஞ்சிரமா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. கிளம்பும்போது கன்னியம்மா, "அடுத்த வாரமும் வா மா. வந்து ரெண்டு திட்டு திட்டிட்டுப் போ"ன்னாங்க. சரின்னேன். என் வாய்க்கு முதல் தடவையா ஒரு வேலை கிடைச்சிருக்கு.

மத்தியானம் மாலதி வந்தா. உக்காந்தா. முதல் துண்டை எடுத்து வாயில வெச்சா. நானும் என் வீட்டுக்காரரும் மூச்சு விடலை.

"அண்ணி"ன்னா. "சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு மீன் நான் சாப்பிட்டதே இல்ல. உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது."

இத்தனை வருஷத்துல மாலதி வாய்லேர்ந்து முதல் பாராட்டு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அடுத்த ரெண்டு துண்டைத் தவால போட்டேன். அடுப்பு பொசுக்குன்னு அணைஞ்சுது. கேஸ் தீர்ந்து போச்சு. மாத்து சிலிண்டரும் இல்லை.

காலடி மண் எடுக்கலாம்னு அவ செருப்பு விட்ட இடத்துக்கு ஓடினேன். எங்க அபார்ட்மென்ட் பூராவும் டைல்ஸ்.