பை மட்டும் பீச்சுக்குப் போன நாள்

முப்பத்தைந்து வருஷம் மந்தைவெளியில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்தவள் நான். நான் தேய்த்த தட்டில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் (பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்). ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு லீவு எடுக்கத் தெரியாது. ஒரே ஒரு நாள் எடுத்தேன். அதையும் கெடுத்தேன்.

அந்த யோசனையைச் சொன்னது என் மருமகள் மாலா. வேலையை விட்ட பிறகும் வீட்டில் காலையிலிருந்து எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பேன். குக்கர் மூடியை மூன்றாவது தடவை தேய்த்தபோது அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அத்த, ஒரு நாளாவது எங்கனா போய் சும்மா குந்திகினு வாங்களேன். லேடீஸுக்கு பஸ்ஸுல டிக்கெட் காசுகூட கிடையாது."

எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. யாரோடு என்பதுதான் உடனே வந்தது. ராஜி.

அடையாற்றங்கரையில் இருபத்தெட்டு வருஷம் என் பக்கத்து வீட்டுக்காரி. அரசாங்கம் கரையைக் காலி செய்தபோது எனக்கு ஊருக்கு வெளியே ஒரு பக்கம் வீடு கொடுத்தார்கள், அவளுக்கு வேறு ஒரு பக்கம். இங்கிருந்து அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும். அவளுக்கு முட்டிவலி. நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. போனில் பேசுவோம்தான். "இன்னாடி துன்ன?" என்பாள். "ரசம்" என்பேன். அதற்கு மேல் ஓடாது. முகத்தைப் பார்க்காமல் ஒருத்தியை எப்படித் திட்டுவது?

திட்டம் சுலபமானது. காலை பத்து மணிக்கு தி.நகர் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பது. பெசன்ட் நகர் பஸ்ஸில் ஜன்னலோரமாக இரண்டு சீட்டு பிடிப்பது. போய் மணலில் உட்காருவது. சாப்பிடுவது. மறுபடி உட்காருவது. சாயங்காலம் திரும்புவது. வயசானவர்களுக்கு இதைவிட நல்ல லீவு இருந்தால் யாராவது சொல்லுங்கள். அவள் ஆசைப்பட்டாள் என்று நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் சோறும் கட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கே போய் நின்றுவிட்டேன். பத்துக்குச் சற்று முன்னால் பஸ் வளைந்து உள்ளே வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும், ஆனால் பஸ் நம்பர் தூரத்திலேயே தெரிந்துவிடும். வண்டி நிற்பதற்குள் கூடவே ஓடி, மூன்றாவது ஜன்னல் வழியாகப் பையை உள்ளே போட்டேன். குறி தப்பவில்லை. பை போய் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தது. ராஜி எனக்காகத் தைத்துக்கொடுத்த பை அது. பச்சை யூனிபார்ம் துணி, மஞ்சள் புடவைக் கரையில் கைப்பிடி. ஊரில் வேறு யாரிடமும் இருக்காது.

பை போட்டாயிற்று என்றால் சீட்டு நம்முடையது. இதில் சந்தேகப்படுகிறவர்கள் சென்னையில் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள். டிரைவர் இறங்கி டீ குடிப்பார், பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் வாசலில் நின்று ராஜியைக் கையைப் பிடித்து அழைத்து வரலாம், 'பாத்தியாடி, உனக்கு ஜன்னலோரம்' என்று காட்டலாம் என்று ராணி மாதிரி வாசலுக்கு நடந்தேன்.

டிரைவர் டீ குடிக்கவில்லை.

பஸ் என்னைத் தாண்டி வாசலை விட்டு வெளியே போனது. "ஏய், நிறுத்து! பை! பை!" என்று கத்தினேன். ஒரு ஜன்னலிலிருந்து யாரோ ஒரு பொம்பளை என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்கு ஒரு கண்ணில் புரை; ஆள் யாரென்று தெரியவில்லை. என் பை போகிறது, இவள் டாட்டா காட்டுகிறாள்! அவளையும் அவள் குடும்பத்தையும் நான் திட்டிய திட்டில் பக்கத்திலிருந்த பூக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

பையோடு சோறு போயிற்று. தொக்கு போயிற்று. போன் போயிற்று. ராஜியின் நம்பர் எனக்குத் தெரியாது. போனில் அவள் படத்தை அழுத்தினால் அவள் பேசுவாள், அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் பையைத் துரத்திப் போகலாம். போன பிறகு ராஜி வந்து நின்றால்? முட்டிவலியோடு பஸ் மாறி வந்து, என்னைக் காணாமல் திரும்பிப் போய்விட்டால்? இன்னொரு நாலு வருஷத்துக்கு நான் எங்கே போக?

பை போனால் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. சேலைக் கடைக்குப் போகிற கூட்டம் போயிற்று, வந்தது. பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற டைம் கீப்பர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

"எங்கியும் போவ வேணாம். லீவுல கீறேன்."

"லீவுக்கு பஸ் ஸ்டாண்டுக்கா வந்த?"

"ஏன், வரக்கூடாதா? உன் ஊட்டு பெஞ்சா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அழுகை வந்தது. தி.நகர் நடுவில் உட்கார்ந்து அழ நான் என்ன சின்னப் பிள்ளையா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலைத் திட்டினேன். அவள் வரவில்லை என்பதைவிட, வர அவளுக்கு மனசில்லையோ என்பதுதான் உள்ளே அறுத்தது. நாலு வருஷத்தில் அங்கே வேறு ஒரு பக்கத்து வீட்டுக்காரி கிடைத்திருக்க மாட்டாளா?

ஒரு மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தது. வீம்பை விட்டு டைம் கீப்பரிடம் பை விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"பச்சைப் பையா?" என்றார் கண்டக்டர். "கருவாட்டு வாசனை வருமே, அதா? அது ஒரு அம்மா வச்சிகினு பெசன்ட் நகர்ல எறங்கிச்சு. எங்கூட்டாளி பைன்னு சொல்லி, அந்த சீட்டுல ஒருத்தரையும் குந்த வுடல நைனா! 'வாசல்ல நிக்கிறவளுக்கு கைய ஆட்னேன், பார்த்துட்டா, பின்னால வருவா'ன்னு சொல்லிச்சு."

எனக்கு உச்சந்தலையில் யாரோ குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. டாட்டா காட்டிய பொம்பளை ராஜி. எனக்கு முன்பே வந்து, டீக்கடைப் பக்கம் உட்கார்ந்திருந்தவள், பஸ்ஸில் என் பையைப் பார்த்ததும் நான் ஏறிவிட்டேன் என்று ஏறியிருக்கிறாள். பஸ் கிளம்பிய பிறகுதான் வாசலில் நிற்கிற என்னைப் பார்த்திருக்கிறாள்.

டிரைவர் சாப்பிட்டு வந்து இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தார்; அதே பஸ்ஸில் போனேன். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"கண்ணு இன்னா பொட்டையாடி உனக்கு? கைய ஆட்னேன் இல்ல?"

"யாரோ டாட்டா காட்றாங்கோன்னு நெனைச்சேன்டி!"

"டாட்டா காட்டவா நாலு வருஷம் கழிச்சு வருவேன்? போன் பண்ணா எடுக்கவும் மாட்ட. இந்தப் பைக்குள்ள எவளோடதோ போன் வேற அடிச்சிகினே கீது!"

"அது என் போனுடி!"

பைக்குள் கையை விட்டு போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பெஞ்சே ஆடியது. நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

"ஏன்டி, பீச்சாண்ட போயி குந்தியிருக்கலாம்ல?"

"நீ வந்து தேடுனா?"

பொட்டலத்தைக்கூட அவள் பிரிக்கவில்லை. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவள் இருட்டுவதற்குள் வீடு சேர முடியும். இருந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை. கடல் நடக்கிற தூரத்தில்தான். அவளுடைய முட்டிக்கு அதுவும் தூரம். அந்த பெஞ்சிலேயே சோற்றைப் பிரித்தோம். தொக்கை நக்கிவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றாள். காது குளிர்ந்தது.

நாலு வருஷத்துக் கதை என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. முதல் கதையைத் தொடங்கினேன். மகன் வீட்டுச் சண்டைக்கு வருவதற்குள் தோள் கனத்தது. ராஜி என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயோரம் ஒரு சோற்றுப் பருக்கை. நான் அசையவில்லை. மூன்றரை மணி பஸ் வந்தது. எழுப்ப வேண்டும் என்று தெரியும். எழுப்பவில்லை. கடல் காற்று அந்த பெஞ்சு வரைக்கும் வந்தது. என் ஆயுசில் ஒரு வேலையும் செய்யாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

கண் விழித்ததும் என்னை வெளுத்து வாங்கினாள். அவள் வீடு போய்ச் சேர ராத்திரி ஆனது. அவளுடைய மருமகன் எனக்கு போன் போட்டு, "இன்னாம்மா, ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு டூரா?" என்று கேட்டார்.

அது இரண்டு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது நான் சுவரைப் பார்த்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் போதும், என் மகன், "மாலா, அம்மா டூர் கெளம்பிட்டாங்க" என்கிறான். அங்கே ராஜி கண் அசந்தால் அவள் மகளும் அதையேதான் சொல்கிறாளாம். ஒரே கேலிக்கு இரண்டு வீடும் சிரிக்கின்றன. ஆற்றங்கரையில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால், "இன்னாடி அங்க?" என்று அவள் குரல் உடனே வரும்.

இப்போதும் சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்க்கிறேன்.